பிளக் வைத்த வண்டி

என் தங்கை வேலைக்குப் போகும் கம்பெனி பஸ், அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பழவேற்காடு வரை வராது என்று சொல்லிவிட்டார்கள். பொன்னேரியிலேயே திரும்பிவிடுமாம். காலை ஐந்தேகாலுக்கு அங்கே நிற்கிறவர்களை மட்டும் ஏற்றிக்கொள்ளுமாம். எங்கள் குப்பம் பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நேரத்தில் இங்கிருந்து பொன்னேரிக்குப் போக ஷேர் ஆட்டோவும் கிடையாது, டவுன் பஸ்ஸும் கிடையாது.

தங்கை வந்து இதைச் சொன்னபோது நைனா வலையில் அறுந்த கண்ணிகளைப் பின்னிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அப்ப நின்னுடு" என்றார்.

"இன்னா நைனா, அவ்ளோ லேசா சொல்ற?"

"பின்ன? இருட்டுல பொட்டப் புள்ளைங்க நாலு பேரும் பொன்னேரி வரைக்கும் நடந்தா போவீங்க?"

நாலு பேர் என்றது என் தங்கையையும், அவளோடு எங்கள் குப்பத்திலிருந்து போகும் இன்னும் மூன்று பெண்களையும். கும்மிடிப்பூண்டி தாண்டி ஒரு கம்பெனியில் செல்போனுக்குள் வைக்கும் சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளை லென்ஸ் வைத்துப் பார்க்கிற வேலை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை என்றால் வண்டி வாசலுக்கே வந்துவிடும். ஆனால் அந்தத் துறைமுகம் வேண்டாம் என்று வெயிலில் உட்கார்ந்து கோஷம் போட்ட ஊரிலிருந்து யார் பெண்ணை அனுப்புவார்கள்? அதனால் கும்மிடிப்பூண்டிதான். தங்கை அங்கே போக ஆரம்பித்து இரண்டு வருடம். "அங்க போய்ட்டா பத்து மணி நேரம் தண்ணி மொண்டா, நண்டு ஒடைனு என்ன ஒருத்தரும் கூப்ட மாட்டாங்கண்ணா" என்று ஒருமுறை சொன்னாள். அவள் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த பேச்சு என்னவென்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தை மகன் ஒருவன் காத்துக்கொண்டிருந்தான்.

"நான் கார் வாங்குறேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

நான் பொன்னேரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். விடியலில் நாலு பேரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பள்ளி திறக்கும்வரை அங்கேயே இரண்டு பேருக்கு ட்யூஷன் எடுக்கலாம். கல்லூரி நாளிலேயே லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேன்.

நைனா இப்போதுதான் தலையைத் தூக்கினார். "நீ ஓட்னா அனுப்பறேன். வேற எவன் ஓட்னாலும் கிடையாது." கொஞ்ச நேரம் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "டீசல் வண்டிதானே?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் தூக்கம் போனது. ஒன்றாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

எங்கள் குப்பத்தில் இன்ஜின் வாங்குவது ஒரு ஆளின் முடிவு இல்லை. பக்கத்துப் போட்டில் என்ன இன்ஜினோ, அதையேதான் எல்லோரும் வாங்குவார்கள். கடலில் நடுவழியில் இன்ஜின் நின்றுபோனால் கை காட்டி அடுத்த போட்டைக் கூப்பிட்டு, அவர்கள் பெட்டியிலிருக்கும், டீசலைப் பீச்சுகிற நாசிலை வாங்கி மாட்டிக்கொண்டு கரை சேரலாம். வேறு இன்ஜின் வைத்திருக்கிறவனுக்குக் கை காட்டினாலும் பயனில்லை. கயிறு கட்டித்தான் இழுத்து வர வேண்டும், அன்று சாயங்காலம் முழுக்கக் கிண்டல். எல்லாம் டீசல். நைனாவுக்கு இன்ஜின் என்றாலே டீசல்தான். பெட்ரோல் என்பது மோட்டார் சைக்கிளில் சுற்றுகிற பையன்கள் ஊற்றுவது.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம் பெட்ரோல், வலப்பக்கம் டீசல்.

ஒரு நாளைக்கு நாம் ஓட்டப்போவது குறைந்த தூரம். அதற்குப் பெட்ரோல் போதும். ஐந்து பேர் உட்கார்ந்தால் பாரம். அதற்கு டீசல் இழுக்கும். புது மாதிரி டீசல் வண்டிகளில் புகையைப் பிடித்து வைக்கிற ஒரு வடிகட்டி இருக்கிறது, தினமும் குட்டித் தூரமே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும் என்று படித்தேன். அது பெட்ரோலுக்குப் பலம். பழைய டீசலில் அந்த வடிகட்டி இல்லை. ஆனால் அது பழைய வண்டி. பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கும் பிளக்கும், அதற்கு மின்சாரம் தரும் காயிலும் உண்டு, உப்புக்காற்று அதைச் சும்மா விடுமா? பௌர்ணமி, அமாவாசைக்குப் பாலத்தருகே ரோட்டின் மேல் ஏரித் தண்ணீர் ஏறும், அப்போது எது தாங்கும்? காலையில் பல் விளக்கும்போது டீசல் என்று முடிவு செய்வேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பீரியட் முடிவதற்குள் அது பெட்ரோலாகிவிடும். கரும்பலகையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போதே கையை நிறுத்திவிட்டு வடிகட்டியை நினைப்பேன். சாப்பிடும்போது செல்லில் வீடியோ. அதில் பேசுகிற எல்லோரும் கடைசியில் "உங்க உபயோகத்தப் பொறுத்து" என்று முடித்தார்கள். என் உபயோகம்தான் என்னவென்று எனக்குத் தெரியுமே! தங்கை ஐந்தேகாலுக்கு அங்கே நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு எது?

நைனாவிடம் ஒரு பெரிய வாதம் இருந்தது. "நம்ம போட்டுக்கு மானிய டீசல் வருது. ட்ரம்ல கீது. அத்தயே ஊத்திக்கினு போய்க்கினே இரு."

"அது போட்டுக்குக் குடுக்கறது நைனா. கார்ல ஊத்தக் கூடாது. தப்பு."

"யாரு வந்து மோந்து பாக்கப் போறான்?"

"நான் பசங்களுக்குப் பாடம் எடுக்கறவன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, நைனாவோடு ஒரே போட்டில் போகிறவர், பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "வாத்தியாரு வண்டிக்கும் சேத்துப் பாடம் எட்க்கறாரு. ஏன் வாத்தியாரே, முடிவு வந்துச்சா?"

"இன்னும் இல்ல சித்தப்பா."

"பரிச்சய எழுதிக்கினே கீறான்" என்றார் நைனா. "பேப்பர எப்ப குடுப்பானோ."

மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் போகாமல் சர்ச் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு வண்டிகளைப் பார்க்கப் போனேன். சுண்ணாம்புக்குளத்தில் ஒரு டீசல் கார். இறால் வியாபாரி ஒருவருடையது. நைனா அன்று இஸ்திரி போட்ட சட்டை. இடுப்பில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். புகைக்குழாய்க்குப் பின்னால் குனிந்து மோந்தார். வண்டிக்குள் பழைய இறால் நாற்றம். அது அவருக்கு நாற்றமாகவே படவில்லை.

"சத்தத்தக் கேட்டியா? நம்ம போட்டு மாதிரியே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை, வலை நிறைந்து வருகிற நாளில்தான் பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து பொன்னேரி. ரிடையர் ஆன ஒருவரின் பெட்ரோல் கார். சீட்டின் மேல் போட்ட பிளாஸ்டிக் கவரைக்கூட அவர் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினார். நைனா ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணச் சொல்லு."

"ஓடிக்கினுதான் கீது நைனா."

"ஓடுதா?" குனிந்து காது வைத்தார். "மூச்சுப் பேச்சே இல்லியேடா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் டீசலைப் பற்றியே பேசினார். நான் "ரெண்டு நாள் யோசிக்கறேன்" என்றேன். இரண்டு நாள் நான்கானது. நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் எழுதினேன். தங்கை அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு என் மடியிலேயே போட்டாள்.

"ஒண்ணாந்தேதிக்கு இன்னும் எத்தினி நாள் கீது தெரியுமா? நீ கார் வாங்கப் போறியா, இன்ஜினக் கட்டிக்கப் போறியா?"

"தப்பா வாங்கிட்டா, வண்டி பாதி வழில நின்னுடுச்சின்னா..."

"வாங்காம இருந்தா நான் வீட்லயே நின்னுடுவேண்ணா."

மறுநாள் காலை சுண்ணாம்புக்குளத்துக்குப் போன் செய்தேன். டீசலையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான். இறால் வியாபாரி, "நேத்துதான் ஆந்திராக்காரரு ஒருத்தரு வந்து ஓட்டிக்கினு போனாரு தம்பி. நீங்க ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் அதைச் சொல்லவில்லை. "நல்லா ஆராய்ச்சி பண்ணிட்டேன் நைனா. பெட்ரோல்தான் நமக்குச் சரி" என்றேன். தூரம், வடிகட்டி, வண்டியின் வயது என்று பத்து நிமிடம் விளக்கினேன். சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் முடிவு என்னுடையது என்றது பொய். நைனா முழுதும் கேட்டார்.

"படிச்சவன் நீ. சரி" என்றார்.

அவர் எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒன்றாம் தேதி காலை நாலரைக்கு, பொன்னேரிக்காரரிடம் வாங்கிய பெட்ரோல் வண்டியை எடுத்தேன். தங்கை முன்சீட்டில், மற்ற மூன்று பேரும் பின்னால். பாலத்தருகே தண்ணீர் ஏறியிருந்தது. சக்கரம் பாதி முழுக மெதுவாகக் கடந்தேன். பொன்னேரிக்கு ஐந்து மணி அடிக்கும்போது போய்விட்டோம். பின்சீட்டுப் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் காது முழுக்க இன்ஜினிலேயே இருந்தது. சத்தமே வராத இன்ஜின் நன்றாக ஓடுகிறதா, நிற்கப்போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்து உறுதி செய்துகொள்வேன். இப்படியே ஐந்து நாள்.

ஆறாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் எழுந்தது, ஆனால் குளிர் ஜுரம் வந்த ஆள் மாதிரி உதறியது. மஞ்சள் விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இரண்டு தும்மல். அணைந்துவிட்டது. மறுபடி திருப்பினேன். அதே உதறல், மறுபடியும் அணைந்தது. நாலு பெண்களும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "நான் அப்பவே சொன்னேன். டீசல்ல இதெல்லாம் வராது."

"நைனா, சும்மா இரு!" என்று கத்தினேன். குப்பத்தில் அந்த நேரத்தில் யாரும் கத்துவதில்லை. இரண்டு வீட்டில் விளக்கு எரிந்தது.

பானெட்டைத் திறந்தேன். தங்கை செல்போன் வெளிச்சத்தைக் காட்டினாள். இன்ஜின் பளபளவென்று இருந்தது. வாங்கின நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இல்லை. மேலே மூடியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை யாரோ கழற்றி மறுபடி மாட்டியிருந்தார்கள். ஒரு மூலை சரியாக உட்காரவில்லை.

"இத்த யாரு கழட்னது?"

நைனா குனிந்து அந்த மூலையை விரலால் அழுத்தினார். "உப்புத் தண்ணில போய்ட்டு வருதுடா. கழுவாம வுடுவாங்களா? தெனம் சாயங்காலம் கழுவறேன், ஒண்ணும் ஆவலியே. நேத்துதான் மூடிய எட்த்து உள்ள ஊத்தனேன்" என்றார்.

"இன்ஜின் மேலயா?"

"நல்ல தண்ணிதான்டா. குடிக்கிற தண்ணி."

கடலுக்குப் போய் வந்த இன்ஜினை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து வைக்காதவன் எங்கள் குப்பத்தில் சோம்பேறி என்று பெயர் வாங்குவான். நைனா முப்பது வருடமாக ஒரு நாள்கூட அதைத் தவறவிட்டதில்லை. நான் பள்ளியிலிருந்து வந்து பரீட்சைத் தாள் திருத்துகிற நேரத்தில் காருக்கும் அதைத்தான் செய்திருக்கிறார்.

வாசலில் நின்ற அம்மா, "அதான் தெனம் ரெண்டு கொடம் கொறையுதா? நான் பக்கத்து வூட்டுக்காரிய சந்தேகப்பட்டுக்கினு கீறேன்!" என்றாள். லாரித் தண்ணீர் வருவது இரண்டு நாளைக்கு ஒரு முறை.

எனக்கு அப்போது எல்லாம் புரிந்தது. பெட்ரோல் இன்ஜினில் பிளக்குகள் மேலேயிருந்து உள்ளே இறங்கும் நாலு குழிகளில் உட்கார்ந்திருக்கும். அந்தக் குழியில் தண்ணீர் நின்றால் பொறி வராது. டீசலுக்குப் பொறியே வேண்டாம், காயிலும் இல்லை. சுண்ணாம்புக்குளத்து வண்டி மேல் நைனா ரெண்டு குடம் இல்லை, நாலு குடம் ஊற்றியிருந்தாலும் அது தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டு போயிருக்கும்.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேணும்" என்றேன்.

நைனா உள்ளே ஓடி, போட்டுப் பெட்டியையே தூக்கிவந்தார். நாலு காயிலையும் உருவினேன். இரண்டு குழிகள் காய்ந்திருந்தன. மற்ற இரண்டிலும் கிணறு மாதிரித் தண்ணீர் தெரிந்தது. துணியை விட்டேன், அடிவரை போகவில்லை. குச்சியில் துணி சுற்றிவிட்டேன். பாதிதான் வந்தது. மணி நாலு ஐம்பது.

"தள்ளு" என்றார் நைனா. பெட்டியிலிருந்து டீசல் இழுக்கிற மெல்லிய ட்யூபை எடுத்தார். ஒரு முனையைக் குழிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். மணலில் துப்பினார். மறுபடி உறிஞ்சினார்.

பின்சீட்டுப் பெண்களில் ஒருத்தி, எப்போதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள், எட்டிப் பார்த்து, "மாமா, சக்கர போதுமா?" என்றாள்.

"நீ வந்து ஒரு வாய் குடிச்சிப் பாரு" என்றார் நைனா, துப்பிக்கொண்டே. அந்த நிலையிலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை துப்பட்டாவைச் சுருட்டிக் கொடுத்தாள். குழிகளைத் துடைத்து, காயில்களைத் துடைத்து, ஊதி, மாட்டினேன். சாவியைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன். உதறியது. உதறிக்கொண்டே இருந்தது. பிறகு, ஒவ்வொன்றாக ஏதோ உள்ளே எழுந்துகொள்வது மாதிரி, உதறல் குறைந்து அடங்கியது.

ஐந்து பத்து. பொன்னேரி பஸ்ஸை இனிப் பிடிக்க முடியாது. "கம்பெனிக்கே போய்டலாம்" என்றேன். தங்கை கதவைச் சாத்தினாள்.

அன்று நான் ஓட்டின மாதிரி என்றும் ஓட்டியதில்லை. பெருஞ்சாலையில் ஏறியதும் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனேன். தங்கை முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ லேட்டா வந்தா ஷிஃப்ட்ல சேக்க மாட்டாங்கனு போன மாசமே சொன்னாங்கண்ணா" என்றாள். அதை இப்போதுதான் சொன்னாள். எந்த இன்ஜின் என்று நான் நோட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்த நாட்களில் அவள் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். செக்யூரிட்டி நாலு பேரையும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் வந்தார். நான் இறங்கிப் போய், பிளக் குழியில் தண்ணீர் எப்படி இறங்கியது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க யாரு, டிரைவரா?"

ஒரு நொடி யோசித்தேன். "ஆமா சார். தினமும் கூட்டிக்கினு வர்றது நான்தான். தப்பு என் வண்டிமேல."

"அரை நாள் கட். இன்னொரு தடவை ஆச்சுன்னா பேரை எடுத்துடுவேன்" என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். கேட் திறந்தது. தங்கை ஈரத் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

நான் பள்ளிக்கும் தாமதமாகத்தான் போனேன். அன்று முழுக்க உட்கார முடியவில்லை. இடைவேளையில் இரண்டு முறை வெளியே போய் வண்டியை ஸ்டார்ட் செய்து, உதறுகிறதா என்று பார்த்தேன். மாணவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நைனா காரை நிறுத்துகிற இடத்தில் குத்துக்காலிட்டுக் காத்திருந்தார். பக்கத்தில் குடம் எதுவும் இல்லை.

"உள்ள வுட்டாங்களா?"

"வுட்டாங்க. அரை நாள் புட்சிக்கினாங்க."

தலையை ஆட்டினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நைனா, அந்த டீசல் வண்டி... நான் வேணாம்னு முடிவு பண்ணல. யோசிச்சிக்கினே இருந்தேன். வேற ஆளு வாங்கிக்கினு பூட்டான். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கா எனக்குப் பத்து நிமிசம் பாடம் எட்த்த?"

"ஆமா."

"அடப்பாவி. நானும் எல்லாம் புரிஞ்சா மாதிரி தலையாட்டிக்கினு இருந்தேன்" என்றார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சக்கரத்தின் மேல் காய்ந்திருந்த உப்பை நகத்தால் சுரண்டினார்.

தங்கை ஆறு மணிக்கு வந்தாள். கம்பெனி பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. செருப்பைக்கூடக் கழற்றாமல் நைனாவுக்கு முன்னால் நின்றாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"நாளைக்கும் போவியா?" என்றார்.

"போவேன்."

"வண்டி மறுபடி நின்னா?"

"அண்ணன் பாத்துக்கும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நாலு மணிக்கே கெளப்பி வெச்சிப் பாரு. ஒதறுச்சின்னா என்ன எழுப்பு." பிறகு பானெட்டைத் தட்டினார். "இத்தத் தொற. எங்க எங்க தண்ணி படக் கூடாதுனு காட்டு. கீழ கழுவாம நான் வுட மாட்டேன், துரு புட்ச்சிக்கும்."

நான் பானெட்டைத் திறந்தேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் குனிந்து பார்த்தார். தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு, மறுநாளைக்கான யூனிஃபார்மைத் துவைக்க உள்ளே போனாள்.